மேற்கோளுக்குள் இருக்கும் சொல்லை யார் திருத்துவது?

சென்ற மாதம் ஓர் ஆய்விதழுக்கு அனுப்பிய என் கட்டுரை மதிப்பீட்டாளரின் குறிப்புகளுடன் திரும்பி வந்தது. மட்டாஞ்சேரி யூதர்களைப் பற்றிய பழைய நூல்களிலிருந்து நான் காட்டியிருந்த மேற்கோள்களில் 'கறுப்பு யூதர்' என்று வரும் இடங்களிலெல்லாம் 'மலபாரி யூதர்' என்றும், 'வெள்ளை யூதர்' என்பதைப் 'பரதேசி யூதர்' என்றும் மாற்றிவிடுமாறு அவர் கேட்டிருந்தார். நோக்கம் நல்லதே. ஆயினும் என்னால் அதை ஏற்க இயலவில்லை. ஆவணங்களோடு பழகும் மாணவர்கள் பலர் இதே இடத்தில் தடுமாறுவதை அறிவேன். ஆதலால் என் காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் 1568ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட தொழுகைக்கூடத்தின் பெயர் பரதேசி சினகாக். ஸ்பெயின், போர்ச்சுகல் முதலிய நாடுகளிலிருந்து பிற்காலத்தில் வந்து குடியேறியோர் பரதேசிகள். அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அக்கடற்கரையில் வாழ்ந்தோர் மலபாரிகள். இவ்விரு சாராரையும் நிறத்தால் பிரித்தெழுதுவதே ஐரோப்பியரின் ஏடுகளில் வழக்கமாயிற்று. இவர்களன்றி மூன்றாவதாக ஒரு சாராரும் உண்டு: பரதேசிகளின் வீடுகளில் அடிமைகளாயிருந்து விடுவிக்கப்பட்டோரும் அவர்தம் வழியினரும். எபிரேயத்தில் இவர்களை 'மெஷுக்ரரிம்' என்றனர். 'விடுவிக்கப்பட்டோர்' என்பது பொருள். விடுதலையைக் குறித்த சொல்லே தலைமுறை தலைமுறையாகச் சுமக்கவேண்டிய இழிசொல்லாயிற்று. தொழுகைக்கூடத்தில் ஏனையோருடன் சமமாக அமரும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. அம்மரபில் பிறந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967) காந்திய வழியில் தம் சொந்தத் தொழுகைக்கூடத்திற்குள்ளேயே போராட நேர்ந்தது.

இனி மேற்கோளுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சிக்கு வந்த கிளாடியஸ் புக்கானன், 1811இல் வெளியான தம் நூலில், 'கறுப்பு யூதர்' வெள்ளையருக்கு நெடுங்காலம் முன்பே இந்தியாவை அடைந்தவர்கள் என்று கருதினார். வேறு சிலரோ அதே சொல்லால் குறிக்கப்பட்டோரை அடிமைகளின் வழியினர், மதம் மாறியோரின் வழியினர் என்று எழுதினர். இது பரதேசிகள் வெளியாரிடம் சொல்லிவந்த கதை. ஆக, ஒரே சொல் ஓரிடத்தில் மலபாரிகளைக் குறிக்கிறது. மற்றோரிடத்தில் அவர்களை விடுவிக்கப்பட்டோருடன் சேர்த்துக் குழப்புகிறது. சிலவிடங்களில் எது என்று துணியவே முடிவதில்லை. எல்லா இடத்திலும் 'மலபாரி' என்று நான் திருத்தினால் அது வெறும் நாகரிகத் திருத்தம் ஆகாது. ஆவணம் சொல்லாத ஒன்றை ஆவணத்தின் வாயில் நான் வைத்ததாகும். அத்துடன், அக்கதையைச் சொன்னவரின் தடயமும் அழிந்துபோகும்.

தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. இழிசொற்களை நீக்குவதே விதியென்றால், தமிழ்க் காதுக்கு முதலில் உறுத்தவேண்டியது 'பரதேசி' அன்றோ? நம் தெருக்களில் அது வசைச்சொல். மட்டாஞ்சேரியிலோ உயர்ந்தோராய்த் தம்மைக் கருதிய ஒரு சமூகத்தின் பெயர்.

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்று பெயரிட்டார். பிறர் இழிவாகச் சொன்னதை அவர் தலைப்பாக்கினார். 1922இல் சென்னை அரசு 'ஆதி திராவிடர்' என்ற பெயரை ஏற்றது என்பதற்காக, அந்த இதழின் பெயரை நாம் பின்னோக்கித் திருத்துவோமா?

இவ்வளவும் எழுதிய பின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வகுப்பில் காலனியகால இனவரைவியல் நூலின் பத்தியொன்றை உரக்க வாசித்தேன். அதில் ஒரு சாதியைப் பற்றிய இழிசொல் நான்கு முறை வந்தது. வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி வந்து, "ஐயா, தாளில் இருப்பதை நாங்களே படித்துக்கொள்ள மாட்டோமா?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. என் பதில் ஆயத்தமாகவே இருந்தது: மூலம், சான்று, நேர்மை. ஆனால் அவர் கேட்டது மூலத்தைப் பற்றியன்று. என் குரலைப் பற்றி. அன்றுமுதல் அத்தகைய பத்திகளை அச்சிட்டுக் கொடுக்கிறேன், உரக்க வாசிப்பதில்லை. தாளில் ஓர் எழுத்தும் குறைவதில்லை.

மேற்கோள் குறியின் இருபுறமும் வெவ்வேறு பொறுப்புகள் உள்ளன. உள்ளே இருப்பது பிறருடைய சொல். அதில் கைவைக்க எனக்கு உரிமையில்லை. இதழின் கொள்கை இடந்தராவிடில், சொல்லை நீக்கிப் பகர அடைப்புக்குள் நீக்கியதை வெளிப்படையாகச் சொல்லலாம். ஓசையின்றி வேறு சொல்லைப் பெய்வது மட்டும் கூடாது. வெளியே இருப்பது என் சொல். அங்கே அம்மக்கள் தம்மை எப்பெயரால் அழைத்துக்கொண்டனரோ அதுவே என் பெயராக இருக்கவேண்டும்.

இந்த அளவுகோலை என் கட்டுரைமீதே வைத்துப் பார்த்தபோது வெட்கமாயிற்று. துணைத்தலைப்பு ஒன்றிலும் குறிச்சொற் பட்டியலிலும் 'கறுப்பு யூதர்' என்று மேற்கோள் குறியின்றி நானே எழுதியிருந்தேன். மதிப்பீட்டாளர் அவ்விடங்களையும் சுட்டியிருந்தார்; நான்தான் சினத்தில் கவனிக்கவில்லை. அவ்விரண்டையும் 'மலபாரி யூதர்' என்று திருத்தி, மேற்கோள்களை இருந்தவாறே விட்டு, ஒவ்வொன்றிலும் அச்சொல் யாரைக் குறிக்கிறது என்பதற்கு அடிக்குறிப்பு எழுதி நேற்று அனுப்பிவைத்தேன்.