பெட்டிக்குள் நிபந்தனை

அமெரிக்காவில் கம்ப்யூட்டர் மென்பொருள் பெட்டிகளில் விற்கப்பட்ட காலத்தில் ஒரு விசித்திர நியாயம் வழங்கிவந்தது. பணம் கொடுத்துப் பெட்டியைப் பிரித்த பிறகே நிபந்தனைகள் கண்ணில் படும். "சம்மதமில்லையேல் திருப்பிக் கொடுக்கலாம்" என்பது உள்ளிருக்கும் காகிதத்தின் வாசகம். "பிரித்த பெட்டியை ஏற்பதில்லை" என்பது பல கடைக்காரரின் வாசகம்.

1991-ல் பிலடெல்பியா அப்பீல் கோர்ட்டு, ஸ்டெப்-ஸேவர் வழக்கில், பெட்டிமேல் அச்சிட்ட நிபந்தனை ஒப்பந்தத்தில் சேராது என்றது. 1996-ல் சிக்காகோ அப்பீல் கோர்ட்டோ, புரோஸிடி வழக்கில், உள்ளே வைத்த நிபந்தனையும் செல்லும் என்றது. நீதிபதி ஈஸ்டர்புரூக் கூறிய ஆதாரம் யாது? பெட்டியின் வெளியே அறிவிப்பு இருந்தது; பிடிக்காதவன் திருப்பித் தந்து பணம் பெறலாம் என்பதே.

அவ்வுரிமையைக் கடை மறுக்குமாயின், தீர்ப்பின் அஸ்திவாரமே பெயர்ந்துவிடுகிறது. மறுக்க வழியுள்ளவனின் மௌனமே சம்மதமாகும். வழியற்றவனின் மௌனம் நிர்ப்பந்தம். வாங்கியவன் நகலெடுத்துக்கொண்டு திருப்புவான் என்னும் வியாபாரிகளின் அச்சம் பொய்யன்று. ஆயினும் அதற்கு மருந்து, நிபந்தனையை விற்பனைக்கு முன்பே காட்டுவதாகும்; பணத்தைப் பிடித்துவைப்பதன்று.

இன்று பெட்டி பெரும்பாலும் மறைந்து, 'ஏற்கிறேன்' என்னும் பொத்தான் வந்துவிட்டது. நோய் தீரவில்லை. நிபந்தனையை முன்னதாகக் காட்டுக; அன்றேல் பணத்தைத் திருப்பித் தருக. இரண்டில் ஒன்றைச் சட்டம் கட்டாயமாக்குவதே நீதி.