மூளைக் கட்டியை மறைப்பதால் யாருக்கு லாபம்?



நம் தோட்டத்தில் ஒருவருக்குக் கால் முறிந்தால் பத்து வீடு கூடும். பாம்பு கடித்தால் லயமே திரளும். ஆனால் தலைக்குள் கட்டி என்று டாக்டர் சொல்லிவிட்டால் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறோம். அக்கம் பக்கத்தில் "வெறும் தலைவலி" என்கிறோம். ஆபீசுக்கும் அதே பொய். ஏன் இந்த மறைப்பு? இக்குற்றத்தை நானும் செய்தவன். ஆகவே எழுதுகிறேன்.

என் தமக்கையின் கணவர் 26 ஆண்டு பால்மரம் வெட்டியவர். பட்டையில் கத்தி எவ்வளவு இறங்கவேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் மரத்தில் காயம் போடத் தொடங்கினார். முதலில் ஒன்றிரண்டு மரம், பிறகு பத்து, பதினைந்து. இடக் கையில் பிடி நிற்கவில்லை. விடியற்காலையில் தலைவலி, அதன்பின் வாந்தி. "ராத்திரி ஏற்றியது இன்னும் இறங்கவில்லை போலும்" என்று பிரட்டில் சிரித்தார்கள். மண்டோர் திட்டித் தீர்த்தார். அவர் குடியை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன! டிரஸ்ஸர் கொடுத்த மாத்திரையிலேயே மூன்று மாதம் ஓடிவிட்டது.

ஒருநாள் விடியுமுன் மரத்தடியில் வலிப்பு வந்து விழுந்தார். பக்கத்து நிரையில் வெட்டும் அம்மாள் கத்தியைத் தள்ளிப் போட்டு, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். சாவிக்கொத்தைக் கையில் திணிக்க ஒருவர் ஓடிவந்தாராம். தோழர்களே, இரும்பு வலிப்பை நிறுத்தாது. வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 999-க்குச் சொல்லுங்கள். வயது வந்தவருக்கு வாழ்வில் முதன்முறை வலிப்பு வந்தால், அது தானே நின்றுவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

ஸ்கேனில் மூளையின் வலப்பக்கம் கட்டி தெரிந்தது. வலப்பக்க மூளையே உடம்பின் இடப்பக்கத்தை ஆள்கிறது. மரங்களில் விழுந்த காயத்திற்குக் காரணம் சாராயமன்று, இதுவே. 1971-ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையை சி.டி. ஸ்கேன் எடுத்தபோதும் மூளைக் கட்டி என்ற சந்தேகத்தில்தான் எடுத்தார்கள். அதற்கு முந்திய காலத்தில், 'பேய் பிடித்தது', 'புத்தி பேதலித்தது' என்று நம் லயங்களில் செத்தவர்களுள் எத்தனை பேருக்கு இந்நோய் இருந்ததோ, யார் கண்டார்!

டாக்டர் என்னிடமும் தமக்கையிடமும் விவரம் சொன்னார். நாங்கள் அவரிடம் "ரத்தக் கட்டு, கரைந்துவிடும்" என்றோம். பதினொரு நாள் இந்த நாடகம். பன்னிரண்டாம் நாள் அவர் என்னைக் கூப்பிட்டு, "மச்சான், ஊரார் கணக்கை நீ எழுது. என் தலைக் கணக்கை எனக்குத் தெரியாமல் எழுதாதே" என்றார். எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. எல்லாவற்றையும் சொன்னோம். அவர் அழவில்லை. மகளின் படிப்புச் செலவைத்தான் முதலில் கேட்டார். பதினொரு நாள் நாங்கள் அவரைக் காப்பாற்றினோமா, எங்களையா?

எல்லா மூளைக் கட்டியும் ஒன்றல்ல. மெனிஞ்சியோமா என்பது பெரும்பாலும் புற்றன்று. மெல்ல வளரும், முழுதும் எடுத்துவிட்டால் நெடுங்காலம் வாழ்கிறவர்கள் பலர். கிளியோபிளாஸ்டோமா கொடியது. வைத்தியம் செய்தும் பலர் இரண்டு ஆண்டைத் தாண்டுவதில்லை. மைத்துனருக்கு வந்தது இரண்டுக்கும் இடைப்பட்டது. ஆபரேஷனில் எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். பிறகு ஆறு வாரம் கதிர் வைத்தியம், மாத்திரைகள். மூளை வீக்கத்திற்குக் கொடுத்த ஸ்டீராய்டு மருந்தால் முகம் உப்பியது, பசி பெருகியது, சுள்ளென்ற கோபமும் வந்தது. பார்த்தவர்கள் "சதை போட்டுவிட்டாரே, நோய் எங்கே?" என்றார்கள். தமக்கையோ இராத்திரி இரண்டு மணிக்குச் சோறாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த மருந்தைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து என்பதையும் அவள்தான் வந்தவர்களுக்கெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. மோட்டார் சைக்கிள் சாவியை மகன் வாங்கி வைத்துக்கொண்டான். ஆபரேஷனைவிட அதுதான் அவருக்கு வலித்தது.

இனி ஆபீசுக்கு மறைத்த கதை. "தெரிந்தால் சீட்டுக் கிழிப்பார்கள், வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள்" என்று தமக்கை நடுங்கினாள். அந்தப் பயம் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். வேலையோடு வீடும் ஒட்டிக்கிடக்கும் தோட்டத்தில் வேறெப்படிப் பயம் வரும்? ஆனால் மறைத்ததால் நேர்ந்தது என்ன? 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவுப்படி, நோய் விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்கவேண்டும், அல்லது தெரிவிக்க முயன்றிருக்கவேண்டும். இல்லையேல் சொல்லாமல் நின்றவன் என்றாகும். அப்படியே அவருக்கு ஆறு நாள் சம்பளம் போயிற்று. செக்ரோலில் அதை எழுதிய கை என் கை!

அதே பிரிவில் நமக்குரிய உரிமையும் இருக்கிறது. ஐந்தாண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 22 நாள் நோய் விடுப்பு. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள். 2023-ஆம் ஆண்டு முதல் இந்த 60 நாள் தனிக் கணக்கு, அந்த 22 நாளில் கழிவதில்லை. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிய அளவுக்கு நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், வீட்டிலிருந்தாலும் ஆஸ்பத்திரியில் இருந்ததாகவே சட்டம் கொள்ளும். கதிர் வைத்தியத்திற்குப் போய்வருகிறவர்கள் இதை டாக்டரிடம் கேட்கத் தயங்கவேண்டாம். இனிச் சம்பாதிக்கவே முடியாத நிலை வந்தால் சொக்சோவின் ஊனப் பென்ஷனுக்கு மனுச் செய்யலாம். நோய் வேலையால் வந்திருக்கவேண்டும் என்பதில்லை. ஆனால் சந்தா ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கவேண்டும், மனுவும் 60 வயதுக்கு முன் போகவேண்டும். கிராணித் தோழர்களே, இந்தப் பாரங்களை நிரப்பிக் கொடுப்பது தயவன்று. நம் வேலை அது.

நிர்வாகங்களுக்கும் ஒரு சொல். நோயைச் சொல்லுங்கள் என்று தொழிலாளியிடம் கேட்பீரானால், சொன்னவன் வீட்டை இழக்கமாட்டான் என்று எழுதிக் கொடுங்கள். வைத்தியம் நடக்கும் காலமெல்லாம் குடும்பம் லயத்தில் இருக்கலாம், உடல் தேறினால் இலேசான வேலை உண்டு என்ற இரண்டு வரி அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் ஏறவேண்டும். வாய் வார்த்தை போதாது. துரை மாறினால் வார்த்தையும் மாறும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

எங்கள் தோட்டத்தில் சங்கக் கிளை கடிதம் எழுதியபின், மைத்துனருக்கு ஸ்டோரில் பால் நிறுக்கும் இடத்தில் கணக்குக் குறிக்கும் வேலை கிடைத்தது. திட்டிய மண்டோர் ஒருநாள் வீட்டுக்கு வந்து நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார், காப்பி குடித்தார், போய்விட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன். அது நெருங்கும் வாரத்தில் அந்த வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. அடுத்தது வரும் மாதம். துணைக்குப் போக லயத்தில் முறை வைத்திருக்கிறார்கள். இம்முறை பக்கத்து நிரை அம்மாளின் மகன் வண்டி எடுக்கிறான்.