எந்த ஒரகடம்?

"நடுராத்திரி நடுரோட்டுல வண்டி நின்னா யார் சார் வருவா?"

பத்து வருடமாக இந்தக் கேள்வி என்னைத் துரத்துகிறது. கார் வாங்கிய ஷோரூமில் கேட்டார்கள். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போதெல்லாம் போனில் கேட்டார்கள். இந்த ஜனவரியில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும் எங்கள் தொழிற்சாலையின் சாலைப் பாதுகாப்பு வாரக் கூட்டத்தில், டை கட்டிய ஒருவர் மைக் பிடித்து அதையே திரையில் கொட்டை எழுத்தில் போட்டுக் காட்டினார். ஹெல்மெட்டைப் பற்றி இரண்டு நிமிடம், ஆர்.எஸ்.ஏ. பற்றி இருபத்தைந்து நிமிடம். ஆர்.எஸ்.ஏ. என்றால் ரோட்சைடு அசிஸ்டன்ஸ். வண்டி வழியில் நின்றுவிட்டால் ஆள் அனுப்புவதாகச் சொல்லி ஆண்டுதோறும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் பணம்.

கேள்வியைக் கேட்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். குரல் கொஞ்சம் தாழும். பக்கத்தில் மனைவி இருந்தால் பார்வை அவர் பக்கம் போகும். "லேடீஸ், குழந்தைங்க வண்டியில இருப்பாங்க…" என்று இழுத்து நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேலும் வேண்டாம் என்பவன் பெண்டாட்டி பிள்ளையை நடுத்தெருவில் விடத் துணிந்தவன். இப்படித்தான் நானும் ஆறு வருடம் கட்டினேன்.

டை கட்டியவர் சொன்னதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"ஒரு நாளைக்கு மூணே ரூபா சார், ஒரு டீக்குக்கூட ஆகாது." நாள்கணக்கில் பிரித்தால் வீட்டுக் கடன்கூடச் சில்லறைதான்.

"வெளிநாட்டுல இது இல்லாம யாரும் வண்டியே எடுக்க மாட்டாங்க." வெளிநாடு என்றதும் நாம் எழுந்து நின்றுவிடுவோம் என்ற நம்பிக்கை. இங்கிலாந்தின் ஆட்டோமொபைல் அசோசியேஷன் 1905இல் தொடங்கியபோது அதன் வேலை வண்டி பழுது பார்ப்பதே இல்லை. போலீஸ் எங்கே ஒளிந்திருந்து வேகத்தைப் பிடிக்கிறது என்று உறுப்பினர்களை எச்சரிப்பது. பிறகுதான் பழுது பார்க்க வந்தார்கள். அப்போதும் வந்தது சங்கத்தின் சொந்த ஆள், சங்கத்தின் சீருடையில், சங்கத்தின் வண்டியில். நம் ஊரில் வருபவர் யாருடைய ஆள் என்பதைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

"இன்சூரன்ஸ் இருக்கேன்னு நினைக்காதீங்க, அது வேற, இது வேற." வேறதான். ஆனால் விபத்தில் நின்றுபோன காரை அருகிலிருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோக 1,500 ரூபாய் வரை தரும் பிரிவு சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியிலேயே இருக்கிறது. அதை எந்த ஏஜென்டும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. புதுக் காருக்குத் தயாரிப்பாளரே முதல் சில வருடம் இந்தச் சேவையை இலவசமாகத் தருவது வழக்கம். என் காருக்கும் மூன்று வருடம் கொடுத்திருந்தார்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஷோரூமில் இன்சூரன்ஸோடு சேர்த்து இன்னொன்றையும் போட்டுவிட்டார்கள். ஒரே மழை, ஒரே தலை, கையில் ஒரு குடை இருக்க இன்னொன்றுக்கு வாடகை.

"ஹைவேயில நின்னா?" ஹைவேயில் நின்றால் 1033 என்று ஓர் எண் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் ரோந்து வண்டியும், ஆம்புலன்ஸும், நிற்கும் வண்டியை ஓரங்கட்ட கிரேனும் வைத்திருப்பது சுங்கம் வசூலிப்பவர் பொறுப்பு. நெமிலி சாவடியில் ஃபாஸ்டேக் 'பீப்' என்று கத்தும்போதெல்லாம் நாம் அதற்குப் பணம் கட்டிவிட்டுத்தான் போகிறோம். பெங்களூர் சாலையைத் தினமும் மிதிக்கும் எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இந்த எண் தெரியாது. பாதுகாப்பு வாரப் பேச்சில் அதையாவது சொல்லியிருக்கலாம்.

"டயர் பஞ்சரானா ஸ்டெப்னி மாத்திக் கொடுப்போம்." இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2020இல் மத்திய மோட்டார் வாகன விதியைத் திருத்தினார்கள். டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருந்தால் காரில் ஸ்டெப்னியே வேண்டியதில்லை. அதன்படி பல புது வண்டிகளில் ஸ்டெப்னி காணாமல் போனது. ஸ்டெப்னியை எடுத்துக்கொண்டவர்களும், ஸ்டெப்னி மாற்ற ஆள் அனுப்புகிறவர்களும் ஒரே ஷோரூமில் அடுத்தடுத்த மேசைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"மழை, வெள்ளத்துல மாட்டிக்கிட்டா?" 2023 டிசம்பர் 3, 4 தேதிகளை இந்தப் பகுதியில் யாரிடமும் விளக்க வேண்டாம். மிக்ஜாம் புயல் கொட்டியபோது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் கார்கள் மிதந்தன. எத்தனை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஆர்.எஸ்.ஏ. கம்பெனியின் இலவச எண்ணை அழுத்தியிருப்பார்கள்! ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில், இயற்கைச் சீற்றத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று பெரும்பாலும் இருக்கும். ஆக, எல்லோருக்கும் தேவைப்படும் நாளில் அது யாருக்கும் கிடையாது.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். யார் வருவார்?

எனக்கு யார் வந்தார் என்று சொல்கிறேன். வல்லம் வடகாலில் இரண்டாவது ஷிப்ட் முடிந்து, ஒரகடத்தில் ஒரு நண்பரை இறக்கிவிட்டு ஸ்ரீபெரும்புதூர் திரும்பிக்கொண்டிருந்தேன். வல்லக்கோட்டை முருகன் கோயில் திருப்பத்துக்குச் சற்று முன்னால் பேட்டரி விளக்கு எரிந்தது, ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது, வண்டி நின்றது. மணி ஒன்று பத்து. பெல்ட் அறுந்திருக்கிறது என்று மூடியைத் திறந்ததுமே தெரிந்தது. பார்க்கிங் லைட்டைப் போட்டுவிட்டு, ஆறு வருடமாக நான் பணம் கட்டிய எண்ணை முதல்முறையாக அழுத்தினேன்.

முதலில் இந்தி. பிறகு ஆங்கிலம். தமிழுக்கு நான்கை அழுத்த வேண்டும். ஒரு பெண் எடுத்தார், நல்ல பிள்ளைதான். "சார், பின்கோடு சொல்லுங்க." ராத்திரி ஒன்றேகாலுக்கு வல்லக்கோட்டையின் பின்கோடு எந்த மகராசனுக்கு நினைவிருக்கும்? ஒரகடம் பக்கம் என்றேன். "ஓகே சார், நாற்பத்தஞ்சு நிமிஷத்துல நம்ம டெக்னீஷியன் வந்துடுவார்."

நம்ம டெக்னீஷியன். நிம்மதியாகத்தான் இருந்தது.

புதுக் கார்களை ஏற்றிய டிரெய்லர்கள் என்னைக் கடந்து போயின. எட்டு கார், எட்டு கார், எட்டு கார். ஷிப்ட் பஸ்கள் போயின. எதிரே ஒரு காம்பவுண்டு சுவர். அதன்மேல் நீலத்திலும் சிவப்பிலும் '24 மணி நேர ரெக்கவரி, சுங்குவார்சத்திரம்' என்று எழுதி, ஒவ்வொரு எண்ணும் முழ உயரத்தில் ஒரு செல் நம்பர். பொழுது போகாமல் அதை இருபது தடவையாவது படித்திருப்பேன். ஒருமுறைகூட அடிக்கத் தோன்றவில்லை. நம்ம டெக்னீஷியன் வருகிறாரே.

இரண்டு மணிக்கு மெசேஜ் வந்தது: உங்கள் இடத்துக்கு வாகனம் வந்து சேர்ந்தது. சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு நாய் இருந்தது. திரும்பவும் போன், திரும்பவும் நான்கு. "சார், வண்டி ஒரகடத்துலதான் நிக்குது, நீங்கதான் அங்க இல்ல." பத்து நிமிட வாக்குவாதத்துக்குப் பிறகுதான் விளங்கியது. அம்பத்தூரில் ஓர் ஒரகடம் இருக்கிறது. வண்டி அங்கே நிற்கிறது, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. உலகக் கம்பெனிகளெல்லாம் தேடி வந்து கார் செய்யும் ஒரகடம் எது என்று, காருக்குக் காவல் என்று பணம் வாங்கியவர்களுக்குத் தெரியவில்லை.

மூன்று இருபதுக்கு ஒரு வண்டி வந்தது. இறங்கியவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "பெல்ட்டு போயிடுச்சாண்ணே?" என்றார். வண்டியின் பக்கவாட்டில் நீலத்திலும் சிவப்பிலும் எழுதியிருந்தது. சுவரில் இருந்த அதே நம்பர்.

காரை ஏற்றிச் சங்கிலி போட்டுக்கொண்டே சொன்னார்: "நேரா எனக்கே அடிச்சிருந்தா இருபது நிமிஷத்துல வந்திருப்பேனேண்ணே. அவங்க இப்பத்தான் எனக்குப் போன் போட்டாங்க." நேராகக் கூப்பிட்டால் எவ்வளவு என்றேன். "ஸ்ரீபெரும்புதூர்தானே, ரெண்டாயிரம் குடுப்பாங்க." கம்பெனி எவ்வளவு தருகிறது? அவர் சிரித்தார். "அது கிலோமீட்டர் கணக்கு. பில்லு போட்டா ரெண்டு மாசம் கழிச்சு வரும்."

இந்த ஏற்பாடு எங்கள் பகுதிக்குப் புதிதில்லை. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை ஷிப்ட் பஸ்ஸில் ஏறுகிற பையன்களைக் கேட்டுப் பாருங்கள். சட்டையில் ஒரு கம்பெனி பெயர், சம்பளச் சீட்டில் வேறொரு பெயர், வேலைக்குச் சேர்த்துவிட்டவர் மூன்றாவது ஆள். ஆர்.எஸ்.ஏ.வும் அதே கான்ட்ராக்ட் கதைதான். வேலை சுங்குவார்சத்திரத்துக்காரருடையது, பெயர் கம்பெனியுடையது. நடுவில் ஒரு போன், அந்தப் போனுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. நான் கட்டிய வருடச் சந்தா 1,180 ரூபாய். ஆறு வருடத்துக்கு 7,080. அந்தத் தொகைக்கு ரெக்கவரிக்காரரை மூன்று முறை கூப்பிட்டு, மிச்சத்தில் பெல்ட்டும் மாற்றியிருக்கலாம்.

ஒரே ஓர் அனுபவத்தை வைத்துப் பேசுகிறாயே என்பார்கள். எனக்காவது ஒன்று நடந்தது. அந்தக் கேள்வியைக் கேட்பவரிடம் இருப்பது நடக்காத ஒரு ராத்திரி மட்டும்தான்.

ஆட்டோமேட்டிக் வண்டியையும் மின்சார வண்டியையும் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, பிளாட்பெட்டில்தான் ஏற்ற வேண்டும் என்பார்கள். சரிதான். பிளாட்பெட்டும் சுங்குவார்சத்திரத்துக்காரரிடம்தான் இருக்கிறது. முன்பின் தெரியாத ஊரில் நின்றால்? அங்கேயும் ஒரு சுவர் இருக்கும்.

ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கிறேன். பேட்டரி நான்கு வருடம் ஆனால் மாற்றிவிடுகிறேன். சுவரில் பார்த்த அந்த நம்பர் என் போனிலும் மனைவியின் போனிலும் இருக்கிறது. செக்‌ஷனில் பாதிப் பேரிடமும் இப்போது இருக்கிறது.

போன வாரம் புதுப்பிக்கச் சொல்லி ஒரு பையன் பேசினான். விஷயத்தைச் சொன்னேன். அவன் விடவில்லை. "சார், ஒருவேளை நைட்ல அந்த ரெக்கவரிக்காரர் போனை எடுக்கலைன்னா என்ன சார் பண்ணுவீங்க?"

"உங்க கம்பெனி போட்டாலும் அதே போன்தானே தம்பி அடிக்கும்?" என்றேன்.