பேனரில் இல்லாத பிள்ளைகள்

மே மாதம் பொதுத்தேர்வு முடிவு வரும். ஜூனில் நீட் முடிவு வரும். அந்த நாட்களில் புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் தெற்கே வந்தால், முருங்கப்பாக்கத்தில் தொடங்கி அரியாங்குப்பம், நோணாங்குப்பம், சுண்ணாம்பாற்றுப் பாலம் தாண்டியும் பிளெக்ஸ் பேனர்கள்தான். படகுக் குழாமுக்கு வரும் சுற்றுலாப் பயணிக்குக்கூட இந்த வட்டாரத்தில் எந்தப் பள்ளி எத்தனை பேரை ஜிப்மருக்கு அனுப்பியது என்று தெரிந்துவிடும். மாணவரின் முகம், நீட் மதிப்பெண், கல்லூரியின் பெயர், கீழே தாளாளரின் சிரித்த முகம். சில பேனர்களில் தாளாளரின் முகம் மாணவரின் முகத்தைவிடப் பெரியது. அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

இந்தப் பேனர்கள்தான் இன்று பள்ளிகளின் தராசு. "அந்த ஸ்கூல்ல இருந்து எத்தனை பேர் ஜிப்மர் போனாங்க?" என்பது டீக்கடையிலும் கோயில் வாசலிலும் மகளிர் குழுக் கூட்டத்திலும் கேட்கப்படும் கேள்வி. கல்விச் சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன் என்பதால், இந்தக் கேள்வியை ஆய்வுப் பொருளாக மட்டும் பார்க்கும் வசதி எனக்கு இருந்திருக்கலாம். ஆனால் போன ஆண்டு என் பெரியம்மா மகள் தன் பையனை அரசுப் பள்ளியிலிருந்து எடுத்துத் தனியார் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு சேர்க்க, குழுக் கடனும் வாங்கி நகையும் அடகு வைத்தார். அவசரப்பட வேண்டாம் என்று சொல்லப் போனேன். "ஏன் தம்பி, நீ படிச்ச ஸ்கூல்ல இருந்து ஒரு டாக்டராவது வந்திருக்கானா?" என்றார் அக்கா. அந்தக் கேள்விக்குள் இருக்கும் கணக்கு தவறு என்று எனக்குத் தெரியும். அதைப் பேனரை நம்பும் ஒரு தாய்க்கு விளக்குவது லேசல்ல. இங்கே முயன்று பார்க்கிறேன்.

முதலில், பேனரில் ஒரு எண்தான் இருக்கிறது. பின்னத்தின் மேல் எண் மட்டும். கீழ் எண் இல்லை. ஆறு பேர் மருத்துவம் சேர்ந்தார்கள் என்றால் எத்தனை பேரில் ஆறு? பன்னிரண்டாம் வகுப்பு எழுதியவர்களிலா, ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களிலா? அந்த ஆறு பேரில் எத்தனை பேர் அந்தப் பள்ளியிலேயே வளர்ந்தவர்கள், எத்தனை பேர் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பார்த்து, கட்டணச் சலுகை கொடுத்துப் பதினொன்றாம் வகுப்பில் இழுத்து வரப்பட்டவர்கள்? பேனர் சொல்லாது.

இரண்டாவது, அந்த வெற்றி யாருடையது என்பதே குழப்பம். ஒரே மாணவியின் முகத்தை ஒரு பள்ளியின் பேனரிலும் இரண்டு பயிற்சி மையங்களின் பேனரிலும் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் நீட் தேர்வின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் தந்த அறிக்கையில் ஒரு விவரம் உண்டு. மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் மீண்டும் தேர்வெழுதியவர்களின் பங்கு 2016-17இல் 12.47 விழுக்காடு. 2020-21இல் அது 71.42 விழுக்காடு. அதாவது பத்தில் ஏழு பேர் பள்ளியை விட்டு வந்து ஓராண்டோ இரண்டாண்டோ பயிற்சி மையத்தில் பணம் கட்டி உட்கார்ந்து, பிறகே சேர்ந்திருக்கிறார்கள். ஜிப்மரும் 2020 முதல் தன் தனி நுழைவுத் தேர்வை விட்டுவிட்டு நீட்டுக்கு வந்துவிட்டது. ஆக, பேனரில் பள்ளி உரிமை கொண்டாடுவதில் பெரும்பகுதி, ஒரு குடும்பம் தன் பிள்ளையை இரண்டு ஆண்டு சம்பாதிக்க அனுப்பாமல் வைத்துக்கொள்ள முடிந்ததன் விளைவு. ஆற்றில் வலை போடும் வீட்டிலும், சித்தாள் வேலைக்குப் போகும் வீட்டிலும் அந்த இரண்டு ஆண்டு கிடையாது.

மூன்றாவது விஷயத்தில்தான் சாதி வருகிறது. வாசலிலேயே வருகிறது. சேர்க்கை விண்ணப்பத்தில் பெற்றோரின் படிப்பு, தொழில், முகவரி. 'காலனி' என்று முடியும் முகவரியைப் படிப்பதற்கு யாருக்கும் சமூகவியல் தேவையில்லை. பிறகு பெற்றோரை நேரில் அழைத்துப் பேசுவது. எந்தப் பள்ளியும் சாதியைச் சொல்லி இடமில்லை என்று சொல்லாது. "உங்க வீட்ல பாடம் சொல்லித்தர ஆள் இருக்கா?" என்று கேட்டால் போதும். கேள்வி நியாயமானதாகத்தான் தோன்றும். முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளையின் தாய் என்ன பதில் சொல்வார்? இந்தச் சல்லடையைத் தாண்டி உள்ளே போனவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பில் இன்னொரு சல்லடை. நூறு விழுக்காடு தேர்ச்சி என்று போட வேண்டுமென்றால், தேறமாட்டான் என்று தோன்றுகிறவனைப் பொதுத்தேர்வுக்கு முன்பே மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட வேண்டும். அப்படி அனுப்பப்பட்ட பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? அரசுப் பள்ளிக்கு. அரசுப் பள்ளி யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. அவர்கள் அங்கே தோற்றால், அந்தத் தோல்வி அரசுப் பள்ளியின் கணக்கில் ஏறும். அடுத்த ஆண்டு அதையே காட்டி, "பாருங்கள், அரசுப் பள்ளியின் தரம்!"

தரம் என்று நாம் சொல்வதில் எவ்வளவு, யார் பக்கத்தில் யார் உட்காரவில்லை என்பதற்குக் கொடுக்கும் விலை? "நல்ல பசங்களோட சேருவான்" என்று பெற்றோர் சொல்லும்போது அந்த 'நல்ல'வுக்கு என்ன பொருள் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

இது புதிய சண்டையல்ல. 1882இல் ஹண்டர் கல்வி ஆணையத்தின் முன் ஜோதிராவ் புலே அளித்த சாட்சியத்தில் இதே வாதம் இருக்கிறது. ஆங்கிலேய அரசு அப்போது ஒரு கொள்கை வைத்திருந்தது. மேலே இருக்கும் சிலருக்கு உயர்கல்வி கொடுத்தால் போதும், அறிவு தானாகக் கீழே வடிந்து எல்லோரையும் சேரும் என்பது அதன் சாரம். புலே அதை ஏற்கவில்லை. வரி கட்டுகிறவர் உழவர், அந்த வரியில் படிக்கிறவர் மேல்சாதியார், கீழே எதுவும் வடிந்து வரவில்லை, ஆகவே தொடக்கக் கல்விக்குச் செலவிடுங்கள் என்றார். மேலே போன ஆறு பேரைக் காட்டி ஒரு பள்ளியை அளக்கும் இன்றைய பழக்கம், அந்த வடிதல் கொள்கையின் பேரப்பிள்ளைதான். மேலே சென்றவரை எண்ணினால் போதும், கீழே நின்றவர்களைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

இன்னொரு சோதனையும் செய்து பார்க்கலாம். 1900ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் சதாராவின் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒரு சிறுவன் சேர்ந்தான். மகாராஷ்டிர அரசு இன்று அந்த நாளை மாணவர் நாளாகக் கொண்டாடுகிறது. அந்தச் சிறுவன் வகுப்பில் தனியாக உட்கார வேண்டியிருந்ததையும், வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்குத்துணியில் உட்கார்ந்ததையும், பியூன் வந்து குழாயைத் திறந்தால்தான் தண்ணீர் குடிக்க முடிந்ததையும் பின்னாளில் அவரே எழுதினார். 1913இல் அவர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்தக் காலத்தில் பிளெக்ஸ் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? 'எமது மாணவர் பீமராவ், கொலம்பியா' என்று பள்ளி வாசலில் தொங்கியிருக்கும். சாக்குத்துணி பேனரில் வந்திருக்காது. ஒரு பள்ளி தன் மாணவரை எப்படி நடத்தியது என்பதை அவர் சேர்ந்த கல்லூரியின் பெயர் ஒருபோதும் சொல்லாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். எழ வேண்டும். "அப்படியென்றால் ஜிப்மர், ஐஐடி எல்லாம் நமக்கு வேண்டாமா? அவர்களே வைத்துக்கொள்ளட்டுமா?" அம்பேத்கரையே உதாரணம் காட்டிவிட்டு அப்படிச் சொல்ல முடியுமா? அந்த இடங்கள் நமக்கு வேண்டும். நம் வரியில் நடப்பவை அவை. புதுச்சேரியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 10 விழுக்காடு உள் ஒதுக்கீடு என்று 2020இல் அமைச்சரவை முடிவெடுத்தது. நடுவண் உள்துறையின் ஒப்புதல் வர 2023 ஆனது. நடுவில் தகுதியிருந்தும் இடம் கிடைக்காமல் போனவர்கள் உண்டு. தமிழ்நாட்டின் 7.5 விழுக்காடும் சும்மா வந்ததல்ல. 1176 மதிப்பெண் வாங்கிய குழுமூர் அனிதாவை இழந்து மூன்று ஆண்டுகள் கழித்து வந்தது. இந்த ஒதுக்கீடுகளை நான் முழுமையாக ஆதரிக்கிறேன்.

ஆனால் ஒதுக்கீட்டை ஆதரிப்பதும், ஒதுக்கீட்டில் போனவர்களின் எண்ணிக்கையை வைத்து அரசுப் பள்ளிகளுக்கு ரேங்க் போடுவதும் ஒன்றல்ல. இரண்டாவதை நம் ஆட்களே செய்கிறோம். 'எங்கள் காலனியின் முதல் மருத்துவர்' என்ற பேனரின் கீழ் நின்று நானும் கைதட்டியிருக்கிறேன், இனியும் தட்டுவேன். நூற்றாண்டுகளாகப் பள்ளிக்குள் விடப்படாத ஒரு தெரு தன் பிள்ளையைத் தூக்கிக் காட்டுவதற்கும், ஒரு நிறுவனம் அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கு விளம்பரம் செய்வதற்கும் வேறுபாடு இருக்கிறது. அதே தெருவில், அதே ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு தேறி செவிலியர் படிப்புக்கும் ஐடிஐக்கும் கலைக் கல்லூரிக்கும் போன பெண்களை மேடைக்கு அழைக்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. தாயின் மீன்கூடையைத் தலையில் வாங்காமல் பட்டப்படிப்புக்குப் போன ஒரு பெண்ணுக்கு, அந்தப் பள்ளி என்ன செய்து கொடுத்தது என்று யாராவது கேட்டோமா?

சேர்க்கைக்குப் பிறகு நடப்பதையும் பேனர் மறைக்கிறது. 2023 டிசம்பரில் ஒன்றியக் கல்வித் துறை நாடாளுமன்றத்தில் தந்த பதிலின்படி, ஐந்து ஆண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்களிலிருந்து படிப்பை விட்டு வெளியேறிய பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்கள் 13,626 பேர். ஐஐடிகளில் மட்டும் பட்டியல் சாதியினர் 1,068 பேர். இவர்களில் சிலர் வேலைக்கோ வேறு படிப்புக்கோ மாறியிருக்கலாம். எல்லோரும் அல்ல. ரோகித் வெமுலாவும் பாயல் தட்வியும் 'சேர்ந்தவர்கள்' பட்டியலில்தான் இருந்தார்கள். சேர்க்கையோடு எண்ணுவதை நிறுத்துகிற பள்ளிக்கு, தன் மாணவர் மூன்றாம் பருவத்தில் விடுதி அறையில் என்ன ஆனார் என்று தெரிந்துகொள்ளும் தேவையே இல்லை.

வேறு விதமாக எண்ண முடியாதா? முடியும், எண்ணுகிறார்கள். நம்மை ஆண்ட பிரான்சையே எடுத்துக்கொள்வோம். அங்கே கல்வி அமைச்சகம் 1990களிலிருந்து ஒவ்வொரு லிசேவுக்கும் 'கூடுதல் மதிப்பு' என்ற கணக்கை வெளியிடுகிறது. மாணவர்களின் குடும்பப் பின்னணி, முந்தைய மதிப்பெண், வயது எல்லாவற்றையும் பார்த்து இந்தப் பள்ளியில் இத்தனை விழுக்காடு தேர்ச்சி எதிர்பார்க்கலாம் என்று முதலில் கணிக்கிறார்கள். உண்மைத் தேர்ச்சி அதைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்பதுதான் பள்ளியின் பங்கு. பணக்காரப் பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொண்டு 98 விழுக்காடு காட்டும் பள்ளி இந்தக் கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகலாம். இன்னொரு எண்ணும் வெளியிடுகிறார்கள். உள்ளே வந்த மாணவர்களில் எத்தனை பேர் அதே பள்ளியிலிருந்து இறுதித் தேர்வு தேறினார்கள் என்பது. நடுவில் மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பும் தந்திரம் அங்கே அம்பலமாகிவிடும். இதனால் பிரான்சில் கல்வி ஏற்றத்தாழ்வு ஒழிந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம், ஒழியவில்லை. ஆனால் கேள்வி சரியான இடத்தில் கேட்கப்படுகிறது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1997இல் எதிர்த் திசையிலிருந்து வந்தது. எந்த உயர்நிலைப் பள்ளியாக இருந்தாலும் அதில் முதல் பத்து விழுக்காட்டுக்குள் வரும் மாணவருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி என்று சட்டம் செய்தது. பின்னாளில் ஆஸ்டின் வளாகத்துக்கு வரம்பு போட்டார்கள். இருந்தாலும் அதன் அடிப்படை யோசனை கவனிக்கத்தக்கது. கறுப்பினத்தவர் பகுதிப் பள்ளியின் முதல் மாணவரையும் வெள்ளையர் புறநகர்ப் பள்ளியின் முதல் மாணவரையும் அவரவர் நின்ற இடத்தில் வைத்தே பார்த்தார்கள்.

புதுச்சேரியில் இப்போது இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. அரசுப் பள்ளிகள் எல்லாம் மாநிலப் பாடத்திட்டத்தை விட்டு சிபிஎஸ்இக்கு மாற்றப்பட்டுவிட்டன. நீட், ஜேஇஇக்கு உதவும் என்பதுதான் முக்கியமாகச் சொல்லப்பட்ட காரணம். தமிழ்வழியில் வந்த பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இந்தப் புத்தகத்தை எப்படிக் கடக்கிறது, எத்தனை பேர் கடக்காமல் நிற்கிறார்கள் என்பது அந்தக் காரணத்துக்குள் இல்லை. ஒரு மாநிலத்தின் பாடத்திட்டமே பேனர் கணக்கில் முடிவாகியிருக்கிறது.

எங்கள் அரியாங்குப்பம் கொம்யூனில் சில நண்பர்கள் சேர்ந்து தகவல் உரிமை மனு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறோம். கல்வித் துறைக்கு நான்கு கேள்விகள். கொம்யூனின் ஒவ்வொரு பள்ளியிலும், அரசு, தனியார் இரண்டிலும், ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அதே பள்ளியில் பன்னிரண்டை முடித்தார்கள்? அவர்களில் பட்டியல் சாதி, மீனவர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர்? ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் மாற்றுச் சான்றிதழ் பெற்றவர்கள் எத்தனை பேர், எங்கே சேர்ந்தார்கள்? அரசு மேல்நிலைப் பள்ளிகளில் எவற்றில் உயிரியலுக்கும் கணிதத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இல்லை, எத்தனை மாதமாக?

கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளில் பதில் தர வேண்டும். மனுவின் நகலை அக்காவுக்கும் ஒன்று கொடுத்திருக்கிறேன். படித்துவிட்டு, மூன்றாவது கேள்வியில் தன் பையனின் இப்போதைய பள்ளியின் பெயரையும் சேர்க்கச் சொன்னார்.