'இயற்கை உணவு' என்னும் முத்திரை

கொழும்பில் அண்மையில் நடந்த உணவு வர்த்தகக் கண்காட்சியொன்றில் ஒடியல் மாவைக் கண்டேன். பளபளக்கும் உறை, 'இயற்கை உணவு' என்ற முத்திரை. பாலில் நேரடியாகக் கலந்து பருகலாம் என்றார் விற்பனையாளர். யாழ்ப்பாணத்தில் அந்த மாவை நீரில் ஊறவிட்டு, கயர்ப்பு நீங்க வடித்த பின்னரே கூழில் கரைப்பர். அவிக்காது காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல் என்பதையும் அவர் அறியார். போகட்டும்.

எனது வினா வேறு. கிழங்கைக் கிண்டியவர், கீறி உலர்த்தியவர் எந்த ஊரவர்? உறையில் கொழும்பு முகவரி மட்டுமே இருந்தது. ஏழைகளின் உணவென்று நேற்றுவரை முகஞ்சுளித்தவர்கள் இன்று அதற்கு விலை கூறுகின்றனர். விளைந்த ஊரையும் பக்குவத்தையும் உறையில் அச்சிட மட்டும் இடமில்லையாம். இவ்விலையில் அந்தப் பெண்களுக்கு எவ்வளவு என்று கேட்டேன். மாதிரிப் பொதியொன்றை இலவசமாக என் கையில் திணித்தார்.