கைவேலைப் பக்கம்: கழலாத போல்ட்



பிரேசர் டவுனில் எங்கள் தெருவில், என் வீட்டிற்கு இரண்டு வீடு தள்ளி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று தார்ப்பாயின் கீழ் 9 ஆண்டுகளாக உறங்கிக்கொண்டிருந்தது. 1961 முதல் சென்னையில் உற்பத்தியான வண்டி வகை அது. நம்மைப்போலவே பிழைக்க வந்து இங்கே தங்கிவிட்டது எனலாம். ஓட்டிய பெரியவர் காலமாகிவிட்டார். அவருடைய மகன் என்னிடம், "தம்பி, அம்மாவை ஒரு முறையாவது இதில் கோயிலுக்கு அழைத்துப் போகவேண்டும்" என்றார். அம்மையாருக்கு வயது 82. ரயில்வே குமாஸ்தாவாகிய நான் ஞாயிறுதோறும் உதவ இசைந்தேன்.

இவ்வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிப்பாகம் 'டிரனியன்' என்னும் மஞ்சள் உலோகப் பிடிக்குள் மறைபோட்டு இறங்கியிருக்கும். அதற்குக் கிரீஸ் ஆகாது. கெட்டியான கியர் ஆயில்தான் விடவேண்டும். விடாமற்போனால் உள்ளே நீர் புகுந்து மறை அரிக்கும். ஒருநாள் வளைவிலே தண்டு முறிந்து சக்கரம் மடிந்துவிடும். ஆகவே அதைக் கழற்றிப் பாராமல் வண்டியைத் தெருவில் இறக்குவதற்கில்லை.

டிரனியனைக் கோத்திருக்கும் நீண்ட போல்ட்டின் நட்டு எளிதில் வந்துவிட்டது. போல்ட்டோ அசையவில்லை. நான் பெரிய சுத்தியலை எடுத்தேன். நான்கு அடியில் மறையின் நுனி காளான்போல் விரிந்ததுதான் கண்ட பலன்! அதற்கு முன்னரே வேறொரு போல்ட்டின் தலையையும் மழுக்கியிருந்தேன். இது அங்குலக் கணக்கு வண்டி. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், நான் போட்டதோ 13 மில்லிமீட்டர் ஸ்பானர். அந்த முடியளவு இடைவெளி போதும், ஆறு மூலைகளும் தேய்ந்துபோக.

மறு ஞாயிறு, மாஸ்க் ரோட்டுப் பக்கத்திலிருந்து முதிய மெக்கானிக் பாய் ஒருவரை அழைத்துவந்தோம். "நட்டைக் கழற்றிவிட்டா அடித்தீர்கள், சார்?" என்றார். நான் வாய் திறக்கவில்லை. நட்டை நுனிமட்டத்திற்குத் திருகிவைத்து அடித்தால் மறை பிழைக்கும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. விரிந்த நுனியை அரத்தால் ராவி, நட்டைத் திரும்ப ஏற்றினார். காலையும் மாலையும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, மெல்லத் தட்டிவரும்படி கூறிச்சென்றார். இரும்பு துருவாகும்போது முன்னிலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளுகிறது. போல்ட்டுக்கும் அதைச் சூழ்ந்த எஃகுக் குழாய்க்கும் நடுவில் அது ஆப்பாக இறுகிவிடும். எண்ணெய் அதனூடே ஊர்ந்துசெல்ல நாள் பிடிக்கும். கழற்றுமுன் சிறிது முடுக்கிப் பார்ப்பதும் நல்லது. துருவின் கட்டு அதனால் விடுவதுண்டு.

ஆறு நாள் செய்தோம். பயனில்லை.

"நெருப்பு வைத்தால் என்ன?" என்று கேட்டேன். தனி நட்டாக இருந்தால் அதுவே சிறந்த வழி. சூடேறிய நட்டு விரிந்து பிடி தளரும். இங்கோ உள்ளே நைலானும் ரப்பரும், கைக்கெட்டும் தூரத்தில் பிரேக் குழாயும். பாய் கையசைத்து மறுத்துவிட்டார். ஹேக்ஸா பிளேடை மட்டும் துணிசுற்றிப் பிடித்து, டிரனியனின் இருபக்கத்து இடுக்கிலும் செலுத்தி, போல்ட்டையே அறுத்தார். ஒவ்வொரு பக்கமும் முக்கால் மணி நேரம். வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்தாமல் ஸ்டாண்டின்மேல் இருத்தியிருந்தோம். நீங்களும் அவ்வாறே செய்யவேண்டும்.

போல்ட் போனதென்று எனக்கு வருத்தம். தண்டை வெளியே எடுத்துத் துடைத்தபோது அவ்வருத்தம் பறந்துவிட்டது. மறை தொடங்குமிடத்தில் சுற்றிலும் துரு அரித்த பள்ளம். அதன் நடுவே மயிரிழை போன்றதொரு வெடிப்பு. அண்ணன் அதை நெடுநேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

புதிய தண்டுக்கு இங்கிலாந்துக்கு எழுதியிருக்கிறோம். அங்கே இவ்வகை உறுப்புகள் இன்றும் விற்பனைக்கு உண்டு. புதிய போல்ட்டைக் கிரீஸ் தடவித்தான் பூட்டப்போகிறோம். எங்கள் இலாகாவில் தண்டவாள இணைப்புகளைக் குளிர்மாதங்களில் ஆண்டுதோறும் கழற்றி மசகிடுவார்கள். அந்தக் கணக்கை எழுதும் கைதான் இத்தனை நாள் இதை மறந்திருந்தது.

அம்மையார் தார்ப்பாயைத் துவைக்கச்சொல்லி, மடித்துப் பரணில் ஏற்றிவிட்டார்.