ஓருறையில் இரு வாள்

கற்பார்க்கு நூல்கள் எவ்வளவு இன்றியமையாதனவோ, கணினிக்கு நிரல் எழுதுவார்க்கு ‘லைப்ரரி’ எனப்படும் ஆயத்தத் தொகுதிகளும் அவ்வளவு இன்றியமையாதன. பிறர் அரிது முயன்று ஆக்கியதை எடுத்தாள்வது இழுக்கன்று. எப்பதிப்பை எடுத்தாள்கிறோம் என்று அறியாதிருத்தலே இழுக்கு.

2007-ஆம் ஆண்டில் 1.0 பதிப்பு வெளிவந்த க்ரூவி என்னும் மொழி, ஜாவாவின்மீது நின்று இயங்குவது. ஆதலின் ஜாவாவின் செல்வமெல்லாம் அதற்கும் உரியது. ஜாவாவின் தொல்லையும் அவ்வாறே. கிளாஸ்பாத் என்பது யாதெனின், வேண்டிய கிளாஸைத் தேடிச் செல்லும் இடங்களின் வரிசையாம். ஒரே பெயருடைய கிளாஸ் இரண்டு ஜார் கோப்புகளில் இருப்பின், முன்னர் எதிர்ப்பட்டதே கொள்ளப்படும். பின்னது இருந்தும் இல்லாததே. புதிய பதிப்பிற் சேர்ந்த மெதட்டை நாடிய நிரல், பழைய பதிப்பைக் கண்டு, அம்மெதட் இல்லையென்று கூறி நடுவழியில் நின்றுவிடும்.

நம் மாணவருட் சிலர், கிடைத்த ஜார்களையெல்லாம் தம் கணக்கிலுள்ள ‘.க்ரூவி’ கோப்புறையின் ‘லிப்’ என்னும் ஒரே இடத்திற் குவிக்கின்றனர். அங்கு இட்டவை அவர் இயக்கும் க்ரூவி நிரல் ஒவ்வொன்றுக்கும் பொதுவாகிவிடும். நேற்றைய நிரலுக்கென இட்டது இன்றைய நிரலைக் கெடுக்கும். மாணவர் கணினியில் ஓடியது ஆசிரியர் கணினியில் ஓடாது.

நெய்வேலியில் வாழும் நமக்கு வேறு உவமை வேண்டா. இந்நிலத்துப் பழுப்பு நிலக்கரி தன் எடையில் ஏறத்தாழப் பாதி நீருடையது. அதற்கென வகுத்த கொதிகலனிலேதான் செவ்வனே எரியும். சோவியத் உதவியுடன் எழுந்து, 1962-இல் மின்னாக்கம் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் அவ்வாறு அமைந்ததே. கரியென்னும் பெயர் ஒன்றே எனக் கருதிக் கருநிலக்கரிக் கொதிகலனில் இதனை இடுவார் உளரோ?

எப்போதும் புதிய பதிப்பையே கொண்டால் போதாதோ எனின், போதாது. பழைய மெதட்டுகள் புதியதில் நீக்கப்படுதலும் உண்டு. தக்க வழி, நிரலின் தலைப்பிலேயே ‘கிராப்’ என்னும் குறியால் வேண்டிய லைப்ரரியையும் அதன் பதிப்பெண்ணையும் எழுதுவது. வேண்டாததை விலக்கவும் குறியுண்டு. இதுவும் சர்வரோக நிவாரணியன்று. பொதுவிடத்திற் கிடக்கும் பழைய ஜார் இன்னும் மோதக்கூடும். ஆகவே அவ்விடத்தை முதலில் வெறுமையாக்குதல் வேண்டும்.

இது பரீட்சை மதிப்பெண் அளவில் நிற்பதன்று. 2021 டிசம்பரில் லாக்ஃபார்ஜே என்னும் லைப்ரரியிற் பெரும் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபொழுது, அது வேறு லைப்ரரிகளின் உள்ளே மறைந்து கிடந்தமையால், தம்மிடம் அஃது உண்டோ என அறியவே பலர் இடர்ப்பட்டனர். பட்டியல் வைத்திருந்தவர்க்கு அத்தேடல் எளிதாயிற்று.

ஆதலின், தான் சார்ந்துள்ள லைப்ரரிகளின் பெயரும் பதிப்பெண்ணும் கூறாத நிரலைச் செய்முறை வகுப்பில் ஏற்கலாகாது என்பது எமது கருத்து. மாணவர்க்கு இது சிறிது சுமையே; ஆயினும் பிற்காலத்தே அவர்தம் நிரலைத் திறந்து பார்ப்பார்க்கு அதனினும் பேருதவி பிறிதில்லை.